ஊட்டி விதி, கருங்காலிக் கட்டை, ஒரு ஸ்னூக்கர் க்யூ

போன எபிசோட்ல ஸ்னூக்கர் பத்தி ஒரு வரி சொன்னதுக்கே நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. அதுல பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "ப்ரோ, கையால செஞ்ச க்யூ வாங்கலாமா? அதுக்கு அவ்ளோ காசு தகுமா?" நானும் ரெண்டு வருஷமா இதே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். பதில் தேடப்போனா அது ஊட்டி வழியா, சோழமண்டலக் கரை வழியா, கடைசியில பல்லாவரம் சந்தையில வந்து நின்னுச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பழைய ஃபேன், உடைஞ்ச கம்ப்யூட்டர், செடி, புறா, நாற்காலி, எல்லாம் கிடைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டுப் போயிருந்தேன். ஒருத்தர் விரிச்சிருந்த தார்ப்பாய்ல கர்ட்டன் ராடுகளோட சேர்ந்து ஒரு நீளமான குச்சி கிடந்தது. ஒரு பக்கம் வெளிர் மரம், இன்னொரு பக்கம் கன்னங்கரேல்னு ஒரு மரம். ரெண்டும் சேர்ற இடத்துல நாலு வளைவு. டிப் இல்ல. கொஞ்சம் கோணல். "எவ்ளோண்ணே?"னு கேட்டா, "இருநூறு குடு, துணி காயப்போட நல்லாயிருக்கும்"னார். வாங்கிட்டேன்.

அதை எங்க கிளப்புக்கு எடுத்துட்டுப் போனேன். கிளப்னா பெருசா நினைக்காதீங்க. கிழக்குத் தாம்பரத்துல ஒரு மாடி, நாலு டேபிள். அங்க மார்க்கரா இருக்கிற அண்ணா அதைக் கையில வாங்கி, ஒரு கண்ணை மூடி நீளவாக்குல பார்த்தார். "தம்பி, இது ஆட உதவாது. வளைஞ்சிருச்சு. ஆனா இது கைவேலை. அந்த நாலு முனையைப் பாரு"ன்னார்.

அந்த நாலு முனையிலதான் மொத்த விஷயமும் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஜபல்பூர் டு ஊட்டி

ஸ்னூக்கர் இங்கிலாந்து ஆட்டம்னுதான் நம்மள்ல பல பேர் நினைச்சிட்டிருக்கோம். அது பிறந்தது இந்தியாவுல. 1875, ஜபல்பூர். டெவன்ஷயர் ரெஜிமென்ட்ல நெவில் சேம்பர்லெய்ன்னு ஒரு இளம் அதிகாரி. பின்னாடி இங்கிலாந்துப் பிரதமரா வந்த சேம்பர்லெய்ன் வேற ஆள், குழப்பிக்காதீங்க. மழைக்காலத்துல மெஸ்ல அடைஞ்சு கிடந்தவங்க பில்லியர்ட்ஸ் டேபிள்ல பந்தயம் வெச்சு சில ஆட்டம் ஆடுவாங்க. சேம்பர்லெய்ன் அதுல இன்னும் சில கலர் பந்துகளைச் சேர்த்தார். பேர் எப்படி வந்துச்சு? வுல்விச் ராணுவ அகாடமியில முதல் வருஷ மாணவனை 'ஸ்னூக்கர்'னு கிண்டலா கூப்பிடுவாங்க. நம்ம காலேஜ்ல ஜூனியரைக் கூப்பிடுற மாதிரி. ஒருத்தர் ஈஸியான பந்தைத் தவறவிட்டதும் சேம்பர்லெய்ன் அவரை அப்படிக் கூப்பிட்டார். நாம எல்லாருமே இந்த ஆட்டத்துக்கு ஸ்னூக்கர்தானேன்னு சொன்னார். பேர் ஒட்டிக்கிச்சு.

அப்புறம் சேம்பர்லெய்ன், மெட்ராஸ் ராணுவத்தோட தலைமைத் தளபதியா இருந்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸ்கிட்ட வேலைக்கு வந்தார். வெயில் காலம் வந்தா மெட்ராஸ் அரசாங்கமே ஊட்டிக்கு ஏறிடும். அங்க ஊட்டி கிளப்ல, 1882 வாக்குல, ஸ்னூக்கரோட விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில மாட்டினாங்க. 1938-ல சேம்பர்லெய்னே 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, இது நான் ஆரம்பிச்சதுதான்னு உரிமை கோரினார். அதுவரைக்கும் யார் கண்டுபிடிச்சதுன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிட்டிருந்தாங்க.

நம்ம பக்கத்துல பார்த்தா, பரங்கிமலையில மெட்ராஸ் பீரங்கிப் படையோட தலைமையிடம் இருந்தது. பரங்கிமலை, பல்லாவரம் கன்டோன்மென்ட் இன்னைக்கும் இருக்கு. அந்தக் காலத்துல ரெஜிமென்ட் இருந்தா மெஸ் இருக்கும், மெஸ் இருந்தா பில்லியர்ட்ஸ் டேபிள் இருக்கும். நான் வாங்கின குச்சி எந்த மெஸ்ல இருந்து வந்ததுன்னு சொல்ல வழியே இல்ல. ஆனா பல்லாவரத்துல அது கிடைச்சதுல எனக்கு ஆச்சரியம் இல்ல.

இங்க ஒண்ணை விடக்கூடாது. அந்த ஊட்டி கிளப்ல இந்தியர்கள் உறுப்பினரா ஆக முடியாது. ஆனா அறைக்குள்ள இந்தியர் இருந்தார். மார்க்கரா. ஸ்கோர் போடுறது, டேபிள் துணியைத் துலக்குறது, க்யூவுக்கு டிப் ஒட்டுறது, ஆள் இல்லன்னா துரைக்கு ஜோடியா ஆடுறது. க்யூவை அதிகமாத் தொட்டவர் அவர்தான். அவருக்குன்னு ஒரு க்யூ கிடையாது. விதி எழுதினவர் பேர் நமக்குத் தெரியும். அந்த டேபிளைத் தயார் பண்ணினவர் பேர் எந்தச் சுவர்லயும் இல்ல.

கறுப்பு மரம் எங்கிருந்து வந்துச்சு

சரி, நாலு முனைக்கு வருவோம். நல்ல ஸ்னூக்கர் க்யூவோட முன்பகுதி ஆஷ் இல்லன்னா மேப்பிள். ரெண்டும் குளிர் நாட்டு மரம். கனடா கொடியில இருக்கிற இலை மேப்பிள்தான். பின்பகுதி, அதாவது கைப்பிடிக்கிற பக்கம், பெரும்பாலும் எபனி. நம்ம பாஷையில கருங்காலி. இப்போ நீங்க சிரிக்கிறீங்கன்னு தெரியுது. ஆமா, ரெண்டு மூணு வருஷமா எல்லார் கழுத்துலயும் தொங்குதே, அந்தப் பேர்தான். ஆனா நம்ம ஊர்ல கருங்காலின்னு ஒண்ணுக்கு மேற்பட்ட மரத்தைச் சொல்லுவாங்க. எபனிங்கிறது டையோஸ்பைரஸ் இனம். பீடி சுத்துற இலை தர்ற மரமும் இதே இனம்தான்.

எதுக்கு எபனி? நல்ல எபனித் துண்டைத் தண்ணியில போட்டா மூழ்கிடும். அவ்வளவு அடர்த்தி. பின்பக்கம் கனமா இருந்தா கை ஆடாம க்யூ நேரா போகும்.

தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் வளர்ற எபனி பல நூற்றாண்டா ஐரோப்பாவுக்குப் போயிருக்கு. 17-ம் நூற்றாண்டுல நம்ம சோழமண்டலக் கரையில இருந்த தச்சர்கள் எபனியில முறுக்குக் கால், பூவேலை செதுக்கின நாற்காலிகளைச் செஞ்சாங்க. அதெல்லாம் கப்பலேறி இங்கிலாந்து போச்சு. நூறு வருஷம் கழிச்சு ஹொரேஸ் வால்போல்னு ஒரு எழுத்தாளர், அந்த மாதிரி நாற்காலிகளைத் தேடித்தேடி வாங்கித் தன்னோட ஸ்ட்ராபெரி ஹில் வீட்டுல வெச்சார். ஏன் தெரியுமா? அது இங்கிலாந்தோட டியூடர் ராஜா காலத்துச் சாமான்னு நம்பினார்! செஞ்சது நம்ம கரைத் தச்சர். அவர் பேரும் இல்ல, ஊரும் இல்ல.

நான் இதைப் படிச்சப்போ என் இருநூறு ரூபாய்க் குச்சியை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். அதுல இருக்கிற எபனி இலங்கையா, ஆப்பிரிக்காவா, இந்தோனேசியாவா தெரியாது. ஆனா 'கைவேலை'ங்கிற வார்த்தையை இனிமே சும்மா சொல்லக்கூடாதுன்னு தோணுச்சு.

கைவேலைன்னா என்ன

மெஷின்ல செய்யும்போது, முன்பகுதியையும் பின்பகுதியையும் விரல் கோத்த மாதிரி வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி ஒட்டுவாங்க. வெளியில பார்த்தா நாலு முனையும் ஊசி மாதிரி கூரா, ஒரே உயரத்துல இருக்கும்.

கையால செய்யும்போது ஆஷ் கட்டை க்யூவோட கடைசி வரைக்கும் ஓடும். அடிப்பக்கத்துல எதிரெதிரா ரெண்டு பக்கம் சரிவா இழைச்சு, ரெண்டு எபனிப் பலகையை ஒட்டுவாங்க. காஞ்சதும் மீதி ரெண்டு பக்கம் இழைச்சு இன்னும் ரெண்டு. அப்புறம் முழுசையும் இழைப்புளியால உருட்டுவாங்க. தட்டைப் பலகை உருளையா மாறும்போது முனை கூரா வராது, வளைவா வரும். நாலு வளைவும் சம உயரத்துல வந்தா, அது அந்தக் கையோட திறமை. மலிவு க்யூவுல இதை அப்படியே ஸ்டிக்கரா ஒட்டிருப்பாங்க. நகத்தால தடவிப் பாருங்க.

அப்போ கைவேலைதான் நல்லா ஆட வைக்குமா? இல்ல. ஸ்டீபன் ஹெண்ட்ரி 1990-ல இருந்து 1999 வரைக்கும் ஏழு உலகப் பட்டம் ஜெயிச்சது, மத்த வீரர்கள் கேலி பண்ணின ஒரு மலிவான க்யூவுல. 2003-ல அது விமானப் பயணத்துல உடைஞ்சு போச்சு. க்யூ ஆட்டத்தைத் தராது. ஆனா ஒரே க்யூவுல வருஷக்கணக்கா ஆடினா கைக்கு அது பழகும். பொது க்யூவுல தினம் ஒரு எடை, தினம் ஒரு டிப். பந்து தவறினா தப்பு உன்னுதா, குச்சியோடதான்னு தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, தினமும் வேற லேப்டாப்ல டீபக் பண்ற மாதிரி. சொந்த க்யூ வேணும்ங்கிறதுக்குக் காரணம் இதுதான்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்

முதல்ல நேர். டேபிள்ல உருட்டிப் பார்க்கிறது மட்டும் போதாது. க்யூ முனைக்குப் போகப்போக மெலியறதால ஏமாத்தும். கைப்பிடிப் பக்கத்துல கண்ணை வெச்சு நீளவாக்குல பார்த்துக்கிட்டே மெதுவாத் திருப்புங்க. மார்க்கர் அண்ணா பார்த்தாரே, அப்படி.

ரெண்டாவது, ரேகை. ஆஷ்ல அம்பு அம்பா ரேகை தெரியும். அது முனை வரைக்கும் பக்கவாட்டுல ஓடிப்போகாம நேரா போகணும். மேப்பிள்ல ரேகை அவ்வளவா தெரியாது, வழவழன்னு இருக்கும். எது நல்லதுன்னு சண்டை போடாதீங்க, கைக்குப் பிடிச்சதுதான் நல்லது.

மூணாவது, அளவு. பொதுவா 57, 58 இன்ச். எடை 17-லருந்து 19 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவை ஒட்டி. டிப் 9-லருந்து 10 மில்லிமீட்டர். இன்டர்நெட்ல படிச்சு எடையை முடிவு பண்ணாதீங்க. கிளப்ல நாலு பேரோட க்யூவைக் கேட்டு வாங்கி ஆடிப் பாருங்க. ஆடிட்டு, அது எத்தனை அவுன்ஸ்னு அப்புறம் கேளுங்க.

நாலாவது, ஜாயின்ட். ஒரே துண்டா இருக்கிற க்யூ அழகுதான். ஆனா காலைல எட்டரைக்குத் தாம்பரம் - பீச் லோக்கல்ல 147 சென்டிமீட்டர் பெட்டியோட ஏறிப் பாருங்க. முக்கால் ஜாயின்ட் பெட்டியும் நீளம்தான். பைக், ட்ரெயின்னு போறவங்களுக்கு நடு ஜாயின்ட் தோது. பித்தளை ஜாயின்ட் திருகும்போது கடைசிச் சுத்துல இடைவெளி தெரியக்கூடாது, அடிக்கும்போது கடகடன்னு சத்தம் வரக்கூடாது.

அஞ்சாவது, மரத்தோட கணக்கு. எபனி, ரோஸ்வுட் எல்லாம் அருகிட்டு வருது. நம்ம ஈட்டி மரம் உட்பட டால்பெர்ஜியா இனம் முழுக்க 2017-லருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா, இது எந்த மரம், பேப்பர் இருக்கான்னு கேளுங்க. சுத்திவளைச்சுப் பேசுறவர்கிட்ட வாங்காதீங்க.

கடைசியா, நம்ம ஊர்க் காத்து. ஏசி கிளப்ல இருந்து வெளியில வந்தா ஈரம். ஆடி முடிச்சதும் துணியால துடைச்சுப் பெட்டியில போடுங்க. அப்பப்போ ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். சுவத்துல சாய்ச்சு வைக்காதீங்க. ஜிஎஸ்டி ரோட்டு வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டுப் போகவே போகாதீங்க. என் சந்தைக் க்யூ அப்படி ஏதோ ஒண்ணாலதான் வளைஞ்சிருக்கணும்.

யாரோட ஆட்டம்

1958-ல கல்கத்தாவுல வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் ஜெயிச்சார். தனிநபர் விளையாட்டுல உலக சாம்பியனான முதல் இந்தியர் அவர். 1973-ல பம்பாய்ல இலங்கையோட லாஃபிர் அதே பட்டத்தை ஜெயிச்சார். 1984-ல ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம். 2025 நவம்பர்ல தோஹாவுல, நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன் ஐபிஎஸ்எஃப் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் ஜெயிச்சாங்க. இந்தியப் பெண்கள்ல அவங்கதான் முதல். ஊட்டியில விதியை மாட்டினப்போ அந்த அறையில உட்காரவே இடமில்லாதவங்களோட ஆட்டம் இப்போ இது.

நான் கடைசியில என்ன பண்ணினேன்? தாம்பரத்துல ஒரு மாச வீட்டு வாடகையை விடக் கொஞ்சம் அதிகம் குடுத்து, கையால செஞ்ச ஒரு ஆஷ் க்யூ வாங்கினேன். முதல் நாள் கிளப்புக்குக் கொண்டுபோனதும், "அண்ணா, முதல் ஃப்ரேம் நீங்க ஆடுங்க"ன்னேன். முப்பது வருஷமா அடுத்தவங்க க்யூவுக்கு டிப் ஒட்டினவர். சுவத்து ஸ்டாண்டுல இருக்கிற பொது க்யூவுலயே என்னைத் தினமும் தோற்கடிக்கிறவர். அவருக்குன்னு இந்த மாதிரி ஒண்ணு இருந்ததில்லன்னு அன்னைக்குத்தான் சொன்னார்.

வாங்கினார். கண்ணை மூடி நீளவாக்குல பார்த்தார். நாலு வளைவையும் கட்டைவிரலால தடவினார். ப்ரேக் பண்ணினார். ஒரு ரெட், ஒரு பிளாக், அடுத்த ரெட் தவறிடுச்சு.

"க்யூ நல்லாயிருக்கு தம்பி. டிப் தட்டையா இருக்கு"ன்னு சொல்லிட்டு, பாக்கெட்ல இருந்து உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்துட்டார். பத்து நிமிஷம் நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தேன். அன்னைக்குத்தான் டிப்பை எப்படி வளைவா தேய்க்கணும்னு கத்துக்கிட்டேன்.

சந்தைக் க்யூ என் டெஸ்க்குக்கு மேல இருக்கு. துணி காயப்போடல. உங்க ஊர்க் கிளப்ல இப்படி ஒரு மார்க்கர் இருந்தா, அவர்கிட்ட பேசிட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.