ஆலையில் தொட்டில் இருந்தது, நம் குடியிருப்பில்?

ராஜபாளையம் மில்லை 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கினார். 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அது 30 ஆயிற்று. செலவு முதலாளி கணக்கில்! (வங்கிக்காரன் புத்தி, எந்தக் கணக்கில் பற்று என்றுதான் முதலில் பார்க்கும்.)

1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. அங்கன்வாடிச் செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலைப் பக்கம் வயல்கள் மனைகளாகின்றன. நம் வரைபடத்திலும் பூங்கா உண்டு, தொட்டில் அறை இல்லை. சங்கக் கூடத்தில் ஓர் அறை தரலாமா? சம்மதமானால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனு எழுதலாம். கையெழுத்துப் போட வாருங்கள்.