மீனாவின் கிளியும் எங்கள் 1990உம்



என் மாலை வகுப்புக்கு வரும் பெண்கள் என்னைவிட வயதில் மூத்தவர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குச் சொன்னபோது, சோனகத் தெருவில் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள். புத்தளம் முகாமோடு படிப்பு நின்றது. இப்போது ஊர் திரும்பி, சாதாரண தரப் பரீட்சை எழுத ஆசைப்படுகிறார்கள்.

வரலாற்றுப் புத்தகம் அவர்களுக்கு ஓடவில்லை. ஒருநாள் ‘மீனா’ கார்ட்டூனைப் போட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே தமிழில் கதை சொன்னேன்.

“இது சின்னப் பிள்ளைகள்ற படம்தானே சேர்?” என்றார் ஒருவர்.

இல்லை. 1990களின் தொடக்கத்தில் யுனிசெப் இதை உருவாக்கியபோது, தாய் தகப்பன்மாரும் பார்க்க வேண்டும் என்றே நினைத்தது. இந்திய ஓவியர் ராம் மோகன் வடிவமைத்தார். இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் பொருந்தும் பெயராகவே ‘மீனா’வைத் தேர்ந்தார்கள்.

முதல் கதையில் தம்பி ராஜு பள்ளிக்கூடம் போகிறான், மீனா வீட்டில் நிற்கிறாள். அவளுடைய கிளி மிட்டு வகுப்பு ஜன்னலில் இருந்து கேட்டு வந்து எண்ணக் கற்றுக்கொடுக்கிறது. அந்த எண்ணிக்கையால் கோழி ஒன்று குறைவதைக் கண்டு, கள்ளனைப் பிடிக்க வைக்கிறாள். வாப்பாவின் மனம் மாறுகிறது.

படம் முடிந்ததும் கரும்பலகையில் எழுதினேன்: 1990, ஐ.நா.வின் சர்வதேச எழுத்தறிவு ஆண்டு. அதே 1990, சார்க் அமைப்பின் பெண் குழந்தைகள் ஆண்டு.

வகுப்பில் சத்தமே இல்லை.

“அந்த வருசமா சேர் நாங்க கொப்பியெல்லாம் விட்டிட்டு வந்தம்?” என்றார் ஒரு ராத்தா. “மீனாவ மறிச்சது வாப்பா. எங்கள மறிச்சது துவக்கு.”

பின்வரிசையில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: “துவக்கு மட்டுமில்ல. முகாமுக்குப் போனாப்பிறகு தம்பி படிச்சவன். என்னை வாப்பா அனுப்பேல்ல.”

இந்த இரண்டு பதில்களும் வரலாறுதான். முதலாவதை நாங்கள் ஒவ்வொரு ஒக்டோபரிலும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். இரண்டாவதைப் பேச அந்த ராத்தாவுக்கு இத்தனை வருடம் சென்றது. பாடப்புத்தகத்தை வைத்து நான் கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டார். கார்ட்டூனில் நடப்பது வேறொரு வீட்டுக் கதை. அதைப் பற்றிப் பேசத் தொடங்கி, தன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த வகுப்புக்கு எல்லோரும் தங்கள் 1990ஐ ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். அந்த ராத்தா அன்றைக்கே புதுக் கொப்பியில் தொடங்கிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் அந்த வருடத்தோடு படிப்பை விட்ட உம்மாவோ ராத்தாவோ இருந்தால், இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.