கணிப்பொறிக்கு ஒட்டுப் போட்ட வரலாறு

மேட்டூர் அணை திறந்த சில நாட்களில் கல்லணையிலும் நீர் திறக்கப்படுகிறது. எங்கள் பூதலூர் வட்டாரம் கல்லணையை அடுத்த தலைமடைப் பகுதியாதலால், இங்கு நீர் விரைவில் வந்துவிடும். ஆனால் கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணிப் பக்கம் அது போய்ச் சேர மேலும் பல நாட்கள் ஆகும். சில ஆண்டுகளில் கடைமடைக்கு நீர் எட்டவில்லை என்று உழவர்கள் மறியலில் இறங்குவதையும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். அணையில் நீர் இருப்பது வேறு, வயலில் நீர் பாய்வது வேறு என்பதைத் தஞ்சை மாவட்டத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கணிப்பொறித் துறையிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான கணிப்பொறிகள் இருக்கலாம். அவற்றின் மென்பொருளில் குறை கண்டுபிடிக்கப்பட்டால், அதைத் தயாரித்த நிறுவனம் திருத்தம் ஒன்றை வெளியிடுகிறது. அந்தத் திருத்தத்தை ஒரு மைய வழங்கியில், அதாவது சர்வரில், பெற்றுத் தேக்கி, அங்கிருந்து எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பகிர்ந்தளிப்பதே இன்றைய முறை. திருத்தத்தைத் தரும் மேல்நிலை வழங்கியை 'அப்ஸ்ட்ரீம்' என்றும், அதைப் பெறும் கீழ்நிலை வழங்கியை 'டவுன்ஸ்ட்ரீம்' என்றும் ஆங்கிலத்தில் அழைக்கின்றனர். இரண்டும் ஆற்றின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என்று பொருள்படும் சொற்களே. இம்முறை எவ்வாறு வளர்ந்தது, எங்கெங்கே தவறியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த விதம்

மென்பொருள் திருத்தத்திற்கு ஆங்கிலத்தில் 'பேட்ச்' என்று பெயர். கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு என்பதே அதன் பொருள். இது வெறும் உவமை அன்று. 1944 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய 'மார்க் 1' என்னும் கணிப்பொறிக்கு, துளைகள் இட்ட காகித நாடா வழியே ஆணைகள் தரப்பட்டன. துளை தவறான இடத்தில் விழுந்துவிட்டால், அதன்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மூடினார்கள். உண்மையான பசையும் காகிதமும் கொண்ட அந்த ஒட்டின் பெயரே இன்றும் நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் பகிர்ந்தளிக்கும் சிக்கலே எழவில்லை. மும்பையில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'டிஃப்ராக்' 1960 இல் செயல்பாட்டுக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 கணிப்பொறி 1973 இல் நிறுவப்பட்டது. ஒரு நிறுவனம், ஒரு கணிப்பொறி, அதற்கென ஒரு குளிர்சாதன அறை. அந்த ஒன்றைத் திருத்திவிட்டால் வேலை முடிந்தது.

1980-களில் மேசைக் கணிப்பொறிகள் பெருகின. ஒன்று நாற்பதாயிற்று, நாற்பது நானூறாயிற்று. பொறுப்பாளர் ஃபிளாப்பித் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகச் செல்ல வேண்டியிருந்தது. பூட்டிய அறையிலுள்ள கணிப்பொறியும், விடுப்பில் சென்றவரின் கணிப்பொறியும் விடுபட்டுப் போயின. ஆயினும் கணிப்பொறிகள் தனித்தனியே இருந்தவரை இதனால் பெருந்தீங்கு நேரவில்லை. இணையம் வந்து எல்லாவற்றையும் ஒரே வலையில் கட்டிய பிறகே, விடுபட்ட ஒன்று மற்றவற்றையும் கெடுக்கும் நிலை தோன்றியது.

2003 ஆம் ஆண்டின் இரண்டு பாடங்கள்

2003 ஜனவரி 25 அன்று 'ஸ்லாமர்' என்னும் புழு நிரல் இணையத்தில் பரவியது. தொடக்கத்தில் அது 8.5 வினாடிக்கு ஒருமுறை இரட்டித்தது. ஒரு நிமிடத்தில் ஏழு முறை இரட்டித்தால் ஒன்று 128 ஆகும் என்பதை மாணவர்கள் எளிதில் கணக்கிடலாம். யுரேனியத்தில் நிகழும் தொடர்வினையைப் போன்றதே இது. பத்தே நிமிடங்களில், தாக்கப்படக்கூடிய கணிப்பொறிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதன் பிடியில் சிக்கின. வியப்பு என்னவென்றால், அந்தக் குறைக்கான ஒட்டினை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002 ஜூலையிலேயே வெளியிட்டுவிட்டது. ஆறு மாத காலம் அது அணையில் தேங்கிய நீராகவே இருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று 'பிளாஸ்டர்' என்னும் மற்றொரு புழு கிளம்பியது. அதற்கான ஒட்டு ஜூலை 16 இல் வெளிவந்திருந்தது. இடைவெளி 26 நாட்கள். வெளியாகும் ஒட்டினை ஆராய்ந்தே குறை எங்குள்ளது என்பதைத் தாக்குபவர்கள் அறிந்துகொள்ள முடியும். ஆகவே ஒட்டு வெளிவந்த நாளிலிருந்தே ஒரு பந்தயம் தொடங்கிவிடுகிறது.

இதன்பின் 2003 அக்டோபர் முதல், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஒட்டுகளை மொத்தமாக வெளியிடும் வழக்கத்தை மைக்ரோசாப்ட் மேற்கொண்டது. தண்ணீர் திறக்கும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் உழவர் ஆயத்தமாக இருப்பது போன்றதே இந்த ஏற்பாடு. நிறுவனத்திற்குள்ளேயே பகிர்ந்தளிக்கும் வழங்கி மென்பொருளை 2002 இல் முதலில் வெளியிட்டு, 2005 இல் 'டபிள்யூசஸ்' என்ற பெயரில் அதை விரிவாக்கியது. லினக்ஸ் அமைப்புகளில் 'களஞ்சியம்' எனப்படும் பொது இருப்பிலிருந்து மென்பொருளைப் பெறும் முறை 1990-களின் இறுதியிலேயே வழக்கத்திற்கு வந்திருந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இக்களஞ்சிய முறையைப் பின்பற்றுவதே.

மைய வழங்கி செய்யும் வேலை

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 40 கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒட்டின் அளவு 500 மெகாபைட். வெளி இணைப்பின் வேகம் வினாடிக்கு 10 மெகாபிட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், ஒரு படியை இறக்க 400 வினாடி ஆகும். நாற்பதும் தனித்தனியே இறக்கினால் 16,000 வினாடி, அதாவது ஏறக்குறைய நான்கரை மணி நேரம் இணைப்பு முழுவதும் அடைபட்டுக் கிடக்கும். வழங்கி ஒருமுறை மட்டும் இறக்கிவைத்துக்கொண்டால் வெளி இணைப்புக்கு ஏழு நிமிட வேலையே. மற்றதை ஆய்வகத்திற்குள் உள்ள வேகமான கம்பிகள் பார்த்துக்கொள்ளும்.

எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே நொடியில் வழங்கியிடம் வந்து நின்றாலும் நெரிசல்தான். ஆகவே டபிள்யூசஸ் முறையில், 22 மணி நேரத்திற்கு ஒருமுறை கேட்பது என்று வைத்து, அதிலும் 20 விழுக்காடு வரை ஆளுக்கொரு விதமாகக் குறைத்துவிடுகிறார்கள். இது நம் முறைப்பாசனம் அன்றி வேறென்ன?

வரும் ஒட்டு உண்மையானதுதானா என்று சோதிப்பது அடுத்த வேலை. சான்று பெற்ற விதைநெல் மூட்டையில் முத்திரையும் அட்டையும் இருப்பதைப்போல, ஒவ்வொரு ஒட்டிலும் தயாரித்தவரின் மின்னணுக் கையொப்பம் உண்டு. வழியில் ஒரு பிட் மாறியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது.

இவற்றைவிட முக்கியமானது கணக்கு. எந்தக் கணிப்பொறி ஒட்டினைப் பெற்றது, எது பெறவில்லை என்ற பட்டியலை வழங்கி வைத்திருக்கிறது. கடைமடையில் நீர் எட்டியதா என்பதைத் தலைமதகில் நின்றே அறியும் வசதி இதுவே. ஆனால் பட்டியலில் சேர்க்கப்படாத கணிப்பொறி அதன் கண்ணுக்குத் தெரியாது.

ஒரகடத்தில் நின்ற ஆலை

2017 மார்ச் 14 அன்று விண்டோசுக்கு ஒரு முக்கிய ஒட்டு வெளியாயிற்று. 59 நாட்கள் கழித்து மே 12 அன்று, அதே குறையைப் பயன்படுத்தி 'வானாக்ரை' என்னும் பணயப் புழு உலகெங்கும் பாய்ந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. ரெனால்ட்–நிசான் கூட்டு நிறுவனத்தின் பிரான்சு, பிரிட்டன் ஆலைகளோடு, சென்னையை அடுத்த ஒரகடம் ஆலையும் பாதிக்கப்பட்டது. கார் செய்யும் ஆலையைக் கணிப்பொறிப் புழு தடுமாறச் செய்ததைக் கண்டு பலர் திகைத்தனர்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில், கதிரியக்க அளவீட்டுக் கருவியோடு இணைந்த பழைய கணிப்பொறி ஒன்று இருந்தது. புதுப்பித்தால் கருவியின் மென்பொருள் நின்றுவிடும் என்ற அச்சத்தால் அதை எவரும் தொடவில்லை. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. ஒருநாள் யாரோ செருகிய பென்டிரைவில் வந்த நச்சு நிரல், மூன்று மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் எடுத்த அளவீடுகளை அழித்தது. அவர்கள் மீண்டும் முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. அக்கணிப்பொறியைத் தொட வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பெரிய அமைப்புகளிலும் இத்தகைய கடைமடைகள் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஒட்டு தருவது 2014 ஏப்ரல் 8 உடன் நின்றது. ஆனால் நாடெங்கும் பணம் வழங்கும் ஏ.டி.எம். பொறிகள் பல அதிலேயே இயங்கி வந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, 2019 ஜூனுக்குள் அவை அனைத்தையும் படிப்படியாக மாற்றியாக வேண்டும் என்று வங்கிகளுக்குக் காலவரையறை விதிக்க நேர்ந்தது.

கால்வாயில் நஞ்சு

இதுவரை கண்டவை நீர் சேராததால் வந்த கேடுகள். நீர் வரும் வழியே நஞ்சும் வரலாம் என்பதை 2017 ஜூன் 27 காட்டியது. உக்ரைன் நாட்டில் வரிக்கணக்குக்குப் பரவலாகப் பயன்பட்ட 'எம்.இ.டாக்' என்னும் மென்பொருளின் புதுப்பிப்பு வழங்கிக்குள் பகைவர்கள் புகுந்து, அதன் வழியாக 'நாட்பெட்யா' என்னும் அழிப்பு நிரலை அனுப்பினர். உக்ரைனில் கிளம்பிய அது மெர்ஸ்க் என்னும் கப்பல் நிறுவனத்தின் வலையில் புகுந்து, மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனக் குழுமம் நடத்திய சரக்கு முனையத்தையும் முடக்கியது.

மெர்ஸ்க் பத்து நாட்களில் 4,000 வழங்கிகளையும் 45,000 கணிப்பொறிகளையும் மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது. பயனர் விவரங்களைக் காக்கும் அதன் வழங்கிகள் உலகெங்கும் அழிந்துபோக, கானா நாட்டில் ஒன்று மட்டும் தப்பியது. மின்தடையால் அவ்வேளையில் அது வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததே காரணம் என்று 'வயர்டு' இதழ் பின்னர் எழுதியது. மின்தடைக்கு நன்றி சொன்ன நிகழ்ச்சி உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எல்லா மதகும் ஒரே நேரத்தில்

2024 ஜூலை 19 அன்று பகைவர் எவரும் இல்லாமலே மற்றொரு விபத்து நிகழ்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சிறு கோப்பினைத் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒருசேர அனுப்பியது. அதில் 21 விவரங்களுக்கு இடம் இருந்தது. அதைப் படிக்கும் நிரலோ 20 விவரங்களையே தந்தது. இல்லாத ஒன்றைத் தேடிப்போன கணிப்பொறி நிலைகுலைந்து நீலத்திரையாயிற்று. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 இலட்சம் கணிப்பொறிகள் விழுந்துவிட்டன. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

முதன்மை மென்பொருளின் புதிய பதிப்பைச் சற்றுத் தாமதமாகப் பெறும் உரிமை வாடிக்கையாளர்களுக்கு இருந்தது. இந்தச் சிறு கோப்புகளுக்கு மட்டும் அந்த முறை பொருந்தவில்லை. சிறிதுதானே என்று முறை வைக்காமல் திறந்த மதகு அது. இப்போது அவற்றையும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு அந்நிறுவனம் மாறியுள்ளது.

நாம் செய்ய வேண்டுவது

இவ்வரலாற்றின் முதற்பாடம், ஒட்டு பிறந்த நாளில் பாதுகாப்பு பிறப்பதில்லை என்பதாகும். கடைசிக் கணிப்பொறியை அது அடையும் நாளே கணக்கு. இரண்டாவது பாடம், விரைவு மட்டும் போதாது என்பது. முதலில் இரண்டு மூன்று கணிப்பொறிகளில் சோதித்து, பிறகு ஒரு பிரிவுக்கும், அதன்பின் அனைவருக்கும் திறந்துவிடுவதே முறையாகும்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச ஒட்டு தருவது 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. பல பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு இது நேரடியான கவலை. இதற்குப் பெருஞ்செலவு இல்லாத முதற்படி ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சென்று, எங்கெங்கே என்னென்ன கணிப்பொறி உள்ளது, எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று எழுதுங்கள். மூலையில் துணி மூடிக் கிடப்பதையும் விட்டுவிடாதீர்கள். புதுப்பிக்கவே முடியாததை வலையிலிருந்து பிரித்து வையுங்கள். அதன் அளவீடுகளுக்கு வேறோர் இடத்தில் ஒரு படி வையுங்கள்.

கால்வாய்க் கரையில் மண்வெட்டியோடு நடந்து சென்று, நீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பவர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். கணிப்பொறி ஆய்வகத்திற்கும் அப்படி ஒருவர் வேண்டும். மாணவர்களில் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டால், ஆசிரியர்கள் மகிழ்ச்சியுடன் வழிவிடுவார்கள்.