தகுதி என்ற சொல்லும் 42 வயதுப் புதுமுகமும்

"திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது." இந்தப் பேச்சைக் கேட்காமல் நம்மில் யாரும் கல்லூரியைத் தாண்டி வந்திருக்க மாட்டோம். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் விளையாட்டைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். மைதானத்தில் யார் சாதி பார்க்கிறார்கள், ஓடுகிறவன் ஜெயிக்கிறான், அவ்வளவுதானே என்பார்கள். சரி, நாமும் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பேஸ்பால் வரலாற்றிலிருந்து ஒரு பந்தெறிவாளரின் வாழ்க்கையைப் படிப்போம். அவர் பெயர் சாட்செல் பேஜ்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். பேஸ்பாலில் ஒரு ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். பந்தெறிபவரைப் பிட்சர் என்பார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் களைத்துப் போனாலோ, எதிரணி அவரை அடித்து நொறுக்கத் தொடங்கினாலோ அவரை வெளியே எடுத்துவிட்டு வேறொருவரை அனுப்புவார்கள். அப்படி நடுவில் வருபவர்தான் ரிலீஃப் பிட்சர். மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்ற இடத்தில் காத்திருப்பார். கூப்பிட்டால் வர வேண்டும், கூப்பிடாவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இன்று இது தனித்தேர்ச்சி பெற்றவர்களின் வேலை, நல்ல சம்பளமும் உண்டு. 1940களில் அப்படி இல்லை. தொடக்க பிட்சராக இடம் கிடைக்காதவர்களும் வயதானவர்களும் உட்காரும் இடம் அது. ரிலீஃப் பிட்சர் காப்பாற்றிக் கொடுத்த ஆட்டங்களைக் கணக்கிடும் 'சேவ்' என்ற புள்ளிவிவரமே 1969இல்தான் அதிகாரப்பூர்வமானது.

அந்த ஓரத்து இருக்கைக்கு, தன் காலத்தின் தலைசிறந்த பந்தெறிவாளர்களில் ஒருவர் 42 வயதில் வந்து சேர்ந்தார். ஏன் அவ்வளவு தாமதம் என்பதுதான் நம் கேள்வி.

எழுதப்படாத சட்டம்

1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் டொலிடோ அணிக்காக மேஜர் லீக்கில் ஆடினார். அதற்குப் பிறகு கதவு மூடப்பட்டது. 1947 வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, வெளிப்படையாகக் கறுப்பராக அறியப்பட்ட ஒருவர்கூட அங்கே ஆடவில்லை. அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த 1913-16 ஆண்டுகளில் அந்த நகரத்துப் பெரிய அணிகள் எதிலும் ஒரு கறுப்பு வீரர் இல்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாது என்று மேஜர் லீக்கின் விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. அணி முதலாளிகளுக்குள் ஒரு புரிதல், அவ்வளவுதான். 'கனவான்களின் ஒப்பந்தம்' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். 1920 முதல் 1944இல் இறக்கும்வரை ஆணையராக இருந்த நீதிபதி கெனசா மவுண்டன் லாண்டிஸ், அப்படி எந்த விதியும் இல்லை என்று 1942இல் பகிரங்கமாகவே சொன்னார். விதி இல்லை. வீரரும் இல்லை. "இங்கே யாரும் சாதி பார்ப்பதில்லை" என்று சொல்லும் நிறுவனங்களை அறிந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1920இல் ரூப் ஃபாஸ்டர் என்ற கறுப்பு பிட்சரும் அணி உரிமையாளரும் கான்சஸ் சிட்டியில் கூட்டம் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். அந்தச் சொல்லை இன்று நாம் பயன்படுத்துவதில்லை. ஆனால் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அது என்பதால் அப்படியே தருகிறோம்.

சலவைத் தொழிலாளியின் மகன்

லீராய் பேஜ் 1906 ஜூலை 7 அன்று அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பிறந்தார். அம்மா லூலா, வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பிழைத்தவர். சிறுவன் லீராய் ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்தான். சாட்செல் என்றால் பை. அந்த வேலையால் வந்த பெயர் என்று பின்னாளில் அவரே சொல்லிவந்தார்.

12 வயதில், சில்லறைத் திருட்டுக்காகவும் பள்ளிக்கு ஒழுங்காகப் போகாததற்காகவும் மவுண்ட் மெய்க்ஸில் இருந்த கறுப்பினச் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். பந்தெறியக் கற்றதும் அங்கேதான். எட்வர்ட் பேர்ட் என்ற பயிற்சியாளர், இடது காலை வானத்துக்குத் தூக்கி எறியும் அந்தப் பாணியைக் கற்றுக்கொடுத்தார்.

1926இல் சட்டனூகாவின் கறுப்பர் அணியில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்து பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ், பிட்ஸ்பர்க் க்ராஃபோர்ட்ஸ், கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ். 1937இல் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹியோவின் பெயரைத் தாங்கிய தலைநகர அணிக்காகவும் ஆடினார். 1938இல் மெக்சிகோவில் ஆடியபோது தோள் செயலிழந்தது. பந்தைத் தூக்கிப் போடக்கூட முடியவில்லை. மோனார்க்ஸ் உரிமையாளர் வில்கின்சன் அவரைத் தன் இரண்டாம்நிலை அணியில் சேர்த்துக்கொண்டார். பெயருக்காகக் கூட்டம் வந்தது. மெல்ல மெல்ல கையும் மீண்டது. 1942இல் மோனார்க்ஸ் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியை வீழ்த்தி நீக்ரோ வேர்ல்டு சீரிஸை வென்றபோது முன்னணியில் நின்றவர் பேஜ்தான்.

வெள்ளை வீரர்கள் அவரை அறியாமல் இல்லை. பருவம் முடிந்ததும் ஊர் ஊராகச் சென்று ஆடும் காட்சி ஆட்டங்களில் வெள்ளை நட்சத்திரங்களும் கறுப்பு நட்சத்திரங்களும் மோதினார்கள். 1934இல் டிஸ்ஸி டீனின் அணியோடும் 1946இல் பாப் ஃபெல்லரின் அணியோடும் பேஜ் மோதினார். தான் எதிர்கொண்டவர்களில் சிறந்த பிட்சர் பேஜ்தான் என்று ஜோ டிமாஜியோ சொன்னார். டிக்கெட் விற்க இருவரும் ஒரே மைதானத்தில் ஆடலாம். லீக் ஆட்டம் என்று வந்தால் மட்டும் கூடாது. திறமை தெரியாததால் கதவு மூடியிருக்கவில்லை. தெரிந்தே மூடியிருந்தது.

முதல் ஆள் அவர் இல்லை

1945இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, மோனார்க்ஸிலிருந்து ஒருவரை ஒப்பந்தம் செய்தார். அவர் பேஜ் அல்ல, 26 வயது ஜாக்கி ராபின்சன். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் மேஜர் லீக்கில் கால் வைத்தார். பேஜ் வெளியில் ராபின்சனைப் பாராட்டினார். முதல் ஆளாகத் தான் இல்லாமல் போனது எவ்வளவு வலித்தது என்பதை 1962இல் வந்த தன் வரலாற்று நூலில் சொன்னார். அவரோடு ஆடிய பெரும் மட்டையாளர் ஜோஷ் கிப்சனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் அவர் இறந்துபோனார்.

1948 ஜூலை 7. பேஜின் 42ஆவது பிறந்தநாள். கிளீவ்லேண்ட் அணியின் உரிமையாளர் பில் வீக் அவரை ஒப்பந்தம் செய்தார். இரண்டு நாள் கழித்து செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கு எதிராக ரிலீஃப் பிட்சராக முதன்முதலில் இறங்கினார்.

அப்போது 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழின் ஆசிரியர் ஸ்பிங்க் எழுதியதை நாம் மறக்கக் கூடாது. இந்த வயதில் ஒருவரைச் சேர்ப்பது லீக்கின் தரத்தையே தாழ்த்துகிறது, பேஜ் வெள்ளையராக இருந்தால் வீக் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்ற பொருளில் எழுதினார். வீக் திருப்பிக் கொடுத்தார்: பேஜ் வெள்ளையராக இருந்திருந்தால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்திருப்பார்.

தோழர்களே, இந்த வாதத்தின் அமைப்பைப் பாருங்கள். முதலில் கால் நூற்றாண்டு கதவை மூடி வை. பிறகு கிழவனாகிவிட்டான் என்று சொல். உள்ளே வந்துவிட்டால், தகுதிக்காக அல்ல, நிறத்துக்காக வந்தான் என்று சொல். இழந்த ஆண்டுகளுக்குப் பொறுப்பு மூடியவனுக்கு இல்லை, காத்திருந்தவனுக்காம். முதல் தலைமுறையாகத் தாமதமாகப் பட்டம் வாங்கும் நம் மாணவர்களிடம் "வயது அதிகம்", "அனுபவம் குறைவு" என்று சொல்லும் வாய்களும் இதே இலக்கணத்தில்தான் பேசுகின்றன.

பேஜ் பந்தால் பதில் சொன்னார். ஆகஸ்ட் 3 அன்று தொடக்க பிட்சராக இறங்கிய முதல் ஆட்டத்துக்கு 72,434 பேர் வந்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று 78,382 பேர். அன்று எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பருவ முடிவில் ஆறு வெற்றி, ஒரு தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கொடுத்தது 2.48 ரன். கிளீவ்லேண்ட் அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸை வென்றது. ஆனால் அந்தத் தொடரில் அவருக்குக் கிடைத்தது ஐந்தாவது ஆட்டத்தில் இரண்டே இரண்டு அவுட் எடுக்கும் நேரம். வேர்ல்டு சீரிஸில் பந்தெறிந்த முதல் கறுப்பர் அவர்.

ஓரத்து இருக்கையிலிருந்து

வீக் அணியை விற்றதும் பேஜை விடுவித்துவிட்டார்கள். 1951இல் வீக் பிரவுன்ஸ் அணியை வாங்கி, பேஜை மறுபடி அழைத்தார். அடுத்த ஆண்டு 46 வயதைத் தொட்டவர் 46 ஆட்டங்களில் ஆடினார். அவற்றில் தொடங்கியவை ஆறு மட்டுமே. எட்டு அணிகளில் ஏழாவதாக வந்த ஒரு அணிக்காக 138 இன்னிங்ஸ் எறிந்து 12 ஆட்டங்களை வென்றார். 1952, 1953 இரண்டு ஆண்டுகளும் ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானார். மேஜர் லீக்கில் அவர் ஆடிய 179 ஆட்டங்களில் 153இல் ரிலீஃப் பிட்சர்தான். காப்பாற்றிக் கொடுத்த 32 ஆட்டங்கள் பிற்காலத்தில்தான் எண்ணப்பட்டன. அவர் அந்த வேலையைச் செய்தபோது எண்ணுவதற்கு ஒரு பத்திகூட இல்லை.

1965 செப்டம்பர் 25 அன்று, 59 வயதில், கான்சஸ் சிட்டி அதலெடிக்ஸ் அணிக்காகக் கடைசியாக இறங்கினார். கூட்டம் சேர்க்க நடத்திய வேடிக்கை அது. ஆடும் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு செவிலியரையும் நிறுத்தினார்கள். எதிரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், 1959 வரை ஒரு கறுப்பரைக்கூடச் சேர்க்காமல் கடைசிவரை பிடிவாதம் பிடித்த அணி. பேஜ் மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். பாஸ்டனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஹிட். ரன் இல்லை. வேடிக்கை காட்ட அழைத்தவர்களுக்கு அவர் வேலையைக் காட்டினார்.

அதற்குப் பிறகும் ஓய்வூதியத்துக்குத் தேவையான நாட்கள் கணக்கில் குறைந்தன. 1968இல் அட்லாண்டா அணி அவரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டதால்தான் அந்தக் குறை தீர வழி பிறந்தது. நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு நாள் கணக்குப் போதவில்லை. ஏனென்றால், உழைத்ததில் பெரும்பகுதி கணக்கில் வராத இடத்தில்.

தனிச் சுவர், தனிக் குவளை

1971இல் பேஸ்பால் புகழரங்கத்துக்குப் பேஜைத் தேர்ந்தெடுத்தார்கள். எப்படி? மேஜர் லீக்கில் பத்து ஆண்டு ஆடியிருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி, நீக்ரோ லீக் வீரர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி ஒதுக்கப்போவதாக அறிவித்தார்கள். பத்து ஆண்டு ஆட விடாதவர்களே பத்து ஆண்டு எங்கே என்று கேட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது. சில மாதங்களில் பின்வாங்கி, மற்றவர்களுக்குச் சமமாகவே அவரைச் சேர்த்தார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்குப் பல்வங்கர் பாலு நினைவுக்கு வருகிறார். சமார் சமூகத்தில் பிறந்த பாலு, புனேயில் வெள்ளையர் மன்றத்து ஆடுகளத்தைப் பராமரிக்கும் கூலியாளாக இருந்து, வலைப்பயிற்சியில் பந்து வீசி வளர்ந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். இந்துக்கள் அணிக்கு அவர் விரல்கள் தேவைப்பட்டன. தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனியாக, மண் குவளையில். அணித்தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

இன்னொரு பாடமும் உண்டு. ராபின்சனை எடுத்தபோது ரிக்கி மோனார்க்ஸுக்கு ஒரு டாலர்கூடத் தரவில்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், பார்வையாளர்களும் போனார்கள். 1948 பருவத்தோடு நீக்ரோ நேஷனல் லீக் மூடப்பட்டது. கறுப்பு உரிமையாளர்கள், மேலாளர்கள், நடுவர்கள் யாரையும் மேஜர் லீக் அழைத்துக்கொள்ளவில்லை. முதல் கறுப்பு நடுவர் 1966இல், முதல் கறுப்பு மேலாளர் 1975இல். ஆடுவதற்கு ஆளை எடுத்தார்கள், அதிகாரத்தைப் பகிரவில்லை. நம்மில் ஒருவர் உள்ளே போய்விட்டார் என்று நாம் கைதட்டும்போது, முடிவெடுக்கும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

பேஜ் 1982இல் கான்சஸ் சிட்டியில் இறந்தார். நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2024இல் அவற்றின் எண்கள் அதிகாரப்பூர்வக் கணக்கில் சேர்ந்தன. மட்டையடிச் சராசரியில் டை காப்பைத் தாண்டி ஜோஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். அவர் இறந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எண்கள் மாறியதற்குக் காரணம், பழைய கறுப்பர் செய்தித்தாள்களில் வந்த ஆட்ட விவரங்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து தேடிச் சேர்த்ததுதான். அந்த நாளில் யாரோ ஒரு நிருபர் ஸ்கோரை எழுதி வைத்திருக்காவிட்டால் இன்று எதையும் நிரூபித்திருக்க முடியாது. நம் ஊர்களில் கபடியும் கால்பந்தும் ஆடி, தேர்வில் கழிக்கப்பட்டு, கூலி வேலைக்குப் போன அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஆடிய ஆண்டு, ஆட்டம், எடுத்த புள்ளி, யார் எதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பதை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது "திறமை இருந்தால்" என்று ஆரம்பிக்கும்போது நம் கையில் கணக்கு இருக்க வேண்டும்.