ஸ்பைஸ் அண்ட் உல்ஃப் தொடரின் நாணய முறை

ஸ்பைஸ் அண்ட் உல்ஃப் தொடரின் நாணய முறை என்பது, இசுனா ஹசெகுரா எழுதிய ஜப்பானியப் புதினத் தொடரிலும் அதைத் தழுவிய அனிமே தொடர்களிலும் இடம்பெறும் கற்பனை உலகின் பண அமைப்பு ஆகும். டிரெனி வெள்ளி நாணயம், லுமியோன் பொன் நாணயம் ஆகியவை இதில் முதன்மையானவை. பெரும்பாலான கனவுருப் புனைவுகளில் பொற்காசுகள் கதைக்கு அலங்காரமாக மட்டுமே வருகின்றன. இத்தொடரிலோ நாணயத்தின் மாற்று, நாணய மாற்று வீதம், கடன், சுங்கம் ஆகியவையே கதையை நடத்திச் செல்கின்றன. இதனால் நாணயங்களின் மதிப்பு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதை அறிய விரும்பும் மாணவர்களுக்கும் இத்தொடர் பயனுள்ள எடுத்துக்காட்டாக அமைகிறது.

தொடர் பற்றி

இத்தொடரின் ஜப்பானியத் தலைப்பான "ஓகாமி தொ கோஷின்ரியோ" என்பதற்கு ஓநாயும் நறுமணப் பொருளும் என்று பொருள். முதல் புதினம் 2006 ஆம் ஆண்டு டெங்கெகி புங்கோ வரிசையில் ஜூ அயாகுராவின் ஓவியங்களுடன் வெளியானது. மூலக் கதை 2011 இல் 17 தொகுதிகளுடன் நிறைவுற்றது. தகேவோ தகாஹாஷி இயக்கிய முதல் அனிமே 2008 சனவரி முதல் மார்ச்சு வரையும், இரண்டாம் பருவம் 2009 லும் ஒளிபரப்பாயின. புதினத்தைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் தழுவிய 25 பகுதிகள் கொண்ட புதிய அனிமே 2024 இல் வெளிவந்தது.

கதையின் நாயகன் கிராஃப்ட் லாரன்ஸ் வண்டியில் ஊர் ஊராகச் செல்லும் ஒரு வணிகன். கோதுமை விளைச்சலைக் காத்துவரும் ஓநாய்த் தெய்வமான ஹோலோ, வட திசையிலுள்ள தன் பிறப்பிடத்திற்குத் திரும்ப விரும்பி அவனுடன் சேர்ந்து பயணிக்கிறாள். கதைக்களம் இடைக்கால ஐரோப்பாவை ஒத்தது. ஆயினும் அதில் வரும் நாடுகளும் நகரங்களும் கற்பனையே. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழான் ஃபாவியே இடைக்கால வணிகம் குறித்து எழுதிய நூல் இத்தொடருக்குத் தூண்டுதலாக அமைந்தது.

நாணயங்கள்

இக்கற்பனை உலகில் பல அரசுகளும் சிற்றரசுகளும் தத்தம் நாணயங்களை அச்சிடுகின்றன. ஓர் ஊரில் செல்லும் காசு அடுத்த ஊரில் குறைந்த மதிப்புக்கே எடுத்துக்கொள்ளப்படலாம். ஆகவே நகரங்களில் நாணயமாற்றுநர்கள் தராசுகளுடன் கடை விரித்திருக்கின்றனர். லாரன்சின் நண்பனான வைஸ் அத்தகையவன்.

டிரெனி வெள்ளி நாணயம்: டிரெனி அரசு வெளியிடும் இந்நாணயம் கதையின் முதல் பகுதியில் வணிகர்களின் பொதுவான கணக்கு அலகாக உள்ளது. பாசியோ என்னும் துறைமுக நகரில் லாரன்ஸ் தன் விலங்குத் தோல்களை விற்பது இந்நாணயத்திற்கே.

லுமியோன் பொன் நாணயம்: பெருந்தொகைகளைக் குறிக்கப் பயன்படும் உயர் மதிப்புடைய நாணயம். ஒரு லுமியோன் முப்பதுக்கும் மேற்பட்ட டிரெனிகளுக்குச் சமமாகும்.

இவை தவிர வேறு வெள்ளி நாணயங்களும், சிறு கொடுக்கல் வாங்கல்களுக்கான குறைந்த மதிப்புக் காசுகளும் கதையில் வருகின்றன.

மதிப்பைக் கணித்தல்

ஒரு டிரெனியின் மதிப்பு எவ்வளவு என்பதைக் கதையில் வரும் விலைகளைக் கொண்டே ஊகிக்க முடியும். பாசியோவில் ஒரு வெள்ளி நாணயத்திற்கு ஹோலோ கை நிறைய ஆப்பிள்களை வாங்கி வருகிறாள். அன்றாடச் செலவுக்கு இந்நாணயம் பெரியது என்பது இதனால் தெரிகிறது. இரண்டாம் கதையில் லாரன்சுக்கு நேரும் கடன் 47 லுமியோன்கள். ஒரு லுமியோனுக்கு 30 டிரெனி என்று குறைத்துக் கணக்கிட்டாலும் இது 1410 டிரெனிகள் ஆகும். மூன்றாம் கதையில் இளம் மீன் வணிகனான அமாத்தி, ஹோலோ லாரன்சுக்குத் தர வேண்டிய கடனாகச் சொல்லப்படும் 1000 டிரெனிகளைத் தானே செலுத்தி அவளை விடுவிப்பதாக அறிவிக்கிறான். ஒரு தனி வணிகனுக்கு இது எளிதில் திரட்ட முடியாத தொகை என்பதாலேயே அவ்வறிவிப்பு ஊரெங்கும் பேசப்படுகிறது.

இத்தொகைகளை இன்றைய பணத்தில் ஒரே எண்ணாக மாற்றுவது பொருந்தாது. தொழிற்புரட்சிக்கு முந்தைய பொருளாதாரத்தில் உழைப்பு மலிவானது. துணி, உலோகம், மிளகு ஆகியவை விலை உயர்ந்தவை. மிளகை அளவுகோலாகக் கொண்டால் ஒரு விடையும், கூலியை அளவுகோலாகக் கொண்டால் வேறொரு விடையும் கிடைக்கும். பொருள்களுக்கிடையேயான விகிதங்களை ஒப்பிடுவதே சரியான முறையாகும்.

மாற்றுக் குறைப்புத் திட்டம்

2008 ஆம் ஆண்டுத் தொடரின் முதல் ஆறு பகுதிகள் டிரெனி நாணயத்தின் மாற்றைப் பற்றியவை. வழியில் சந்திக்கும் ஜெரென் என்னும் இளைஞன், ஒரு குறிப்பிட்ட வெள்ளி நாணயம் விரைவில் கூடுதல் வெள்ளியுடன் வெளியிடப்பட இருப்பதாகவும், அதை இப்போதே வாங்கிச் சேர்த்தால் இலாபம் கிடைக்கும் என்றும் லாரன்சிடம் கூறுகிறான். அவன் பேச்சில் பொய் இருப்பதை ஹோலோ உணர்கிறாள். பின்னர் வைசின் கடையில் வெவ்வேறு காலத்து டிரெனி நாணயங்களை ஒலித்துப் பார்த்து, புதியவற்றின் ஓசை சற்று மங்கியிருப்பதை அவளது கூரிய செவி கண்டுகொள்கிறது. அதாவது வெள்ளியின் அளவு கூடவில்லை, குறைந்து வருகிறது.

விலை வீழப்போகும் நாணயத்தை வாங்கும்படி ஒருவன் ஏன் தூண்ட வேண்டும் என்பதே இதன் புதிர். அதன் விடையைப் பின்வரும் படிகளாக விளக்கலாம்.

1. டிரெனி அரசின் கருவூலம் நலிந்துள்ளது. பழைய நாணயங்களை உருக்கிச் செம்பு முதலிய மலிவான உலோகத்தைக் கூடுதலாகக் கலந்து வார்த்தால், அதே வெள்ளியிலிருந்து அதிக நாணயங்கள் கிடைக்கும். ஆனால் உருக்குவதற்குப் பழைய நாணயங்கள் அரசின் கையில் இருக்க வேண்டும்.

2. எனவே பழைய நாணயங்களைப் பெருமளவில் திரட்டி வைத்திருப்பவர், அவற்றை அரசனுக்கு அளித்து அதற்கு ஈடாகச் சுங்க விலக்கு போன்ற வணிக உரிமைகளைக் கேட்க முடியும்.

3. ஒரே நிறுவனம் வெளிப்படையாக நாணயங்களை வாங்கிக் குவித்தால் அதன் விலை ஏறிவிடும், போட்டியாளர்களும் விழித்துக்கொள்வர். மெடியோ வணிக நிறுவனம் இதனால் ஜெரென் போன்றோரைக் கொண்டு பல சிறு வணிகர்களைத் தனித்தனியே வாங்க வைக்கிறது.

4. மாற்றுக் குறைந்த செய்தி பரவியதும் நாணயத்தின் மீதுள்ள நம்பிக்கை குலைகிறது. பழையதையும் புதியதையும் எளிதில் வேறுபடுத்த முடியாததால் எல்லா டிரெனிகளின் மாற்று வீதமும் சரிகிறது. ஏற்றத்தை நம்பி வாங்கியோர் அஞ்சி, இழப்புக்கு விற்கின்றனர். மெடியோ அவற்றை மலிவாகப் பெற்றுக்கொள்கிறது.

இத்திட்டத்தில் இழப்பு முழுவதும் சிறு வணிகர்களைச் சேர்கிறது. லாரன்ஸ் இதனை உய்த்துணர்ந்து, போட்டி நிறுவனமான மிலோனிடம் தெரிவிக்கிறான். மிலோன் தானும் நாணயங்களைத் திரட்டத் தொடங்கவே, மெடியோ ஹோலோவைக் கடத்தி, அவளைத் திருச்சபையிடம் ஒப்படைக்கப்போவதாக மிரட்டுகிறது. பேய் பிடித்தவர் என்று குற்றஞ்சாட்டப்படுவோருக்கு அவ்வுலகில் மன்னிப்பு இல்லை. அவளுக்கு உதவிய வணிகனும் வணிக நிறுவனமும் தப்ப இயலாது. ஓர் உலோகக் கலவையின் விகிதம் இவ்வாறு இருவரின் உயிர்ச் சிக்கலாக மாறுகிறது. 2008 ஆம் ஆண்டு அனிமேயில் இப்பகுதியில் வரும் குளோயி என்னும் பெண், புதினத்தில் வரும் யாரெய் என்னும் ஆணுக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட பாத்திரம் ஆவாள். 2024 தொடரில் யாரெய் பாத்திரமே இடம்பெற்றது.

மாற்றுக் குறைப்பின் கணக்கு

நாணயத்தின் எடையை மாற்றாமல் அதிலுள்ள விலையுயர்ந்த உலோகத்தைக் குறைப்பது மாற்றுக் குறைப்பு எனப்படும். 80 விழுக்காடு வெள்ளி கொண்ட 1,00,000 நாணயங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு நாணயத்தின் எடையை ஓர் அலகு எனக் கொண்டால், அவற்றில் உள்ள வெள்ளி 80,000 அலகு. இதை 64 விழுக்காடு மாற்றில் மீண்டும் வார்த்தால் 1,25,000 நாணயங்கள் கிடைக்கும். வார்ப்புச் செலவும் சேர்க்கும் உலோகத்தின் விலையும் போக, எஞ்சிய 25,000 நாணயங்களின் மதிப்பு அரசுக்கு ஆதாயம் ஆகும். மக்கள் புதிய நாணயத்தைப் பழைய மதிப்புக்கே ஏற்றுக்கொள்ளும் வரையில் மட்டுமே இவ்வாதாயம் நிலைக்கும். உண்மை வெளிப்பட்டதும் பொருள்களின் விலை உயரத் தொடங்கும்.

வரலாற்று ஒப்புமைகள்

மேற்கண்ட விகிதம் கற்பனையானது அன்று. 1695 இல் ஜப்பானின் தொக்குகவா அரசு, ஒகிவாரா ஷிகெஹிதே என்னும் அதிகாரியின் முயற்சியால் வெள்ளி நாணயத்தின் மாற்றை 80 விழுக்காட்டிலிருந்து 64 விழுக்காடாகக் குறைத்தது. அடுத்தடுத்த குறைப்புகளால் 1711 இல் அது 20 விழுக்காடாக வீழ்ந்தது. 1714 இல் மீண்டும் 80 விழுக்காட்டிற்கு உயர்த்தப்பட்டது.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1544 இல் தொடங்கி 1551 வரை நீடித்த நாணயச் சீர்குலைவு, பெரும் மாற்றுக் குறைப்பு என அழைக்கப்படுகிறது. வெள்ளி மேற்பூச்சு தேய்ந்து அரசனின் உருவத்தில் மூக்குப் பகுதியில் செம்பு தெரிந்ததால் அவனுக்குச் செப்பு மூக்கன் என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது.

நல்ல நாணயமும் தாழ்ந்த நாணயமும் ஒரே முகமதிப்பில் புழங்கினால் மக்கள் நல்லதைப் பதுக்கி, தாழ்ந்ததையே செலவிடுவர். இது தாமஸ் கிரெஷாமின் (1519-1579) பெயரால் கிரெஷாமின் விதி எனப்படுகிறது. கதையில் அரசன் பழைய நாணயங்களைப் பெற மொத்த வணிகர்களை நாட வேண்டியிருப்பதற்கும் இவ்விதி பொருத்தமான விளக்கம் ஆகும்.

நாணயத்தைச் சோதிக்கும் முறைகள்

நாணயத்தை ஒலித்துப் பார்த்துச் சோதிப்பது பல நாடுகளில் வழக்கிலிருந்த முறையே. வெள்ளி நாணயம் நீண்ட தெளிந்த ஓசை எழுப்பும். ஈயம் கலந்தது மந்தமாக ஒலிக்கும். எனினும் சிறிய மாற்று வேறுபாட்டை மனிதச் செவி அறிவது அரிது. நாணயத்தோடு பழகிய வைசாலும் அதைக் கண்டறிய முடியாமற்போனது இதனாலேயே. ஹோலோவின் ஓநாய்ச் செவி கதையில் இக்குறையை நிரப்புகிறது.

பிற முறைகளுள் உரைகல்லில் உரைத்துக் கோட்டின் நிறத்தை ஒப்பிடுதல், உலைக்களத்தில் உருக்கிப் பிரித்தல், நீரில் அமிழ்த்தி அடர்த்தி காணல் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. வெள்ளியின் அடர்த்தி கன செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10.5 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம். ஆகவே செம்பு மிகுந்த நாணயம் அதே எடைக்குச் சற்றுப் பருமனாக இருக்கும்.

நாணயமின்றி நடைபெறும் வணிகம்

நாணயங்கள் கனமானவை, வழிப்பறிக்கும் உள்ளாகக் கூடியவை. எனவே கதையில் வணிகர்கள் இயன்றவரை கணக்கேடுகளின் வழியாகவே கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொள்கின்றனர். லாரன்ஸ் ஓரிடத்தில் மிலோன் நிறுவனத்தின் கிளைக்குக் கோதுமையை விற்று, வேறோர் ஊரிலுள்ள அதன் கிளையில் உப்பைப் பெறுகிறான். ஒரு காசும் கைமாறுவதில்லை. இது உண்டியல் முறையை ஒத்தது.

முதல் கதையின் முடிவில் லாரன்ஸ் தன் பங்கை மிளகாகப் பெறுகிறான். எடை குறைந்ததும் விலை மிகுந்ததுமான மிளகு, எடுத்துச் செல்ல நாணயத்தைவிட ஏற்றது. ஆனால் அதை விற்கும்போது எடையில் ஏமாற்று நிகழ்கிறது. தராசு வைக்கப்பட்ட மேசையே சாய்ந்திருப்பதை ஹோலோ அதன்மீது நீர்மத்தை ஊற்றிக் காட்டுகிறாள். அவ்வெற்றியால் துணிவுற்ற லாரன்ஸ் தன் முதலுக்கு மிஞ்சிய அளவில் போர்க் கவசங்களைக் கடனுக்கு வாங்குகிறான். வடக்கு நோக்கிய படையெடுப்பு கைவிடப்பட்டதால் கவசங்களின் விலை சரிய, 47 லுமியோன் கடனாளியாகிறான். கடனை அடைக்க ரூவின்ஹைகன் நகருக்குள் ஆட்டு மந்தையின் துணையுடன் பொன்னைக் கடத்தும் துணிகர முயற்சியில் ஈடுபடுகிறான். அந்நகரில் பொன் வணிகம் திருச்சபையின் கடுங்கட்டுப்பாட்டில் உள்ளது.

நம்பிக்கையும் மதிப்பும்

மூன்றாம் கதையில் குமெர்சுன் நகரச் சந்தையில் இரும்புக் கந்தகக் கனிமமான பைரைட்டின் விலை வதந்தியால் உயர்ந்து, பின்னர் சரிகிறது. இக்கனிமம் முட்டாளின் பொன் என்றும் அழைக்கப்படும். குறிசொல்லப் பயன்படும் கல் என்பதைத் தவிர அதற்குத் தனி மதிப்பு இல்லை. டிரெனியில் உண்மையான வெள்ளி இருந்தும் ஐயத்தால் அதன் விலை வீழ்ந்தது. பைரைட்டில் பொன் சிறிதும் இல்லாதிருந்தும் ஆசையால் அதன் விலை ஏறியது. நாணயத்தின் மதிப்பில் ஒரு பகுதி உலோகத்திலும், மறு பகுதி அதை ஏற்போரின் நம்பிக்கையிலும் தங்கியுள்ளது என்பதை இவ்விரு கதைகளும் இரு எதிர்த்திசைகளிலிருந்து காட்டுகின்றன.

இவற்றையும் பார்க்க

நாணயம்
கிரெஷாமின் விதி
உரைகல்
உண்டியல்
பணவீக்கம்