வில்லும் வானொலியும்

பொருநை பாயும் நாட்டிலே சித்திரையும் ஆடியும் கொடைவிழாக் காலங்கள். பொதிகையின் அடியிலுள்ள பாபநாசம் முதல் கடலோரத்துப் புன்னைக்காயல் வரை, ஆற்றின் இரு மருங்கிலும் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் கோயில்கள் உண்டு. அவற்றுள் பலவற்றுக்குக் கோபுரம் இல்லை, கல்வெட்டு இல்லை, தலபுராணம் பாடிய புலவரும் இல்லை. ஆயினும் வரலாறு உண்டு. அவ்வரலாறு ஓலைச்சுவடியிலும் கிடக்கிறது. ஆனால் உயிரோடு இருப்பது பாட்டிலே. அப்பாட்டைத் தாங்கி நிற்பது வில்.

பழைய இசை புதிய கருவியோடும் புதிய காலத்தோடும் கலக்கும்போது எது வளர்கிறது, எது தேய்கிறது என்பதே நான் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முதலில் அக்கலையின் அமைப்பைக் காண்போம். ஆளினும் நீளமான வில்லொன்று. அதன் தண்டிலே வரிசையாகக் கட்டிய வெண்கல மணிகள். வில்லைத் தாங்க ஒரு மண்குடம். தலைமைப் பாடகர் நடுவே அமர்ந்து, இரு கைகளிலும் வீசுகோல் ஏந்தி, நாணைத் தட்டுவார். நாண் அதிரும், மணிகள் கலீரென ஒலிக்கும். குடத்தின் வாயிலே ஒருவர் பத்தியால் அடிப்பார். மற்றவர் உடுக்கையும் தாளமும் கட்டையும் இசைப்பர். ஒருசார் பாடகர் அடியெடுத்துப் பாட, மறுசாரார் அதனை ஏற்றுப் பாடுவர். கொல்லும் படைக்கலமாகிய வில், குடத்தின்மேல் சாய்ந்தவுடன் கதை சொல்லும் கருவியாகிவிட்டது.

சொல்லும் கதைகளோ எளியவை அல்ல. முத்துப்பட்டன் கதையை எண்ணிப் பாருங்கள். அந்தணர் குலத்துப் பிறந்த இளைஞன், சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவரை மணக்க விரும்புகிறான். அதற்காகத் தன் குலத்தை விடுகிறான், பூணூலைக் களைகிறான், செருப்புத் தைக்கிறான், மாடு காக்கிறான். மந்தையைக் கவர வந்தோருடன் போரிட்டு மடிகிறான். இன்று பாபநாசத்து மலைமேலுள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலிலே அவனுக்கும் வழிபாடு உண்டு. மக்கள் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாக இடுகின்றனர். எந்தச் செருப்பைக் கோயில் வாயிலிலே கழற்றிவிட்டு உள்ளே செல்கிறோமோ, அதுவே இங்கே காணிக்கை! இக்கதையைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவர் நாங்குநேரியிலே பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை, அவர் பதிப்பித்த நூல் 1971ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கொடையிலே இத்தகைய கதை இரவு முழுவதும் நடைபெறும். கேட்போர் வெறும் சுவைஞர் அல்லர். வீரன் வெட்டுண்டு வீழும் இடம் வரும்போது வில்லின் கதி விரையும், உடுக்கை ஓங்கும், சாமியாடி எழுந்து ஆடுவார். ஆகவே அங்கே பாட்டின் நீளத்தை அளப்பது கடிகாரம் அன்று, தெய்வத்தின் வருகையே.

இந்நிலையிலேதான் இருபதாம் நூற்றாண்டு தன் கருவிகளோடு வந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே இடம் உண்டு. வானொலியிலோ மணிக்கணக்கு உண்டு. சென்னையில் அகில இந்திய வானொலி 1938ஆம் ஆண்டிலும், திருச்சிராப்பள்ளியில் 1939ஆம் ஆண்டிலும், திருநெல்வேலியில் 1963ஆம் ஆண்டிலும் தொடங்கின. விடியும்வரை பாடிய வில், குறித்த மணியில் தொடங்கிக் குறித்த மணியில் முடியக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மேடையிலே அதற்குப் புதிய பாதை வகுத்தவர்களுள் முதன்மையானவர் நாகர்கோவிலிலே 1908ஆம் ஆண்டு பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். தெய்வக் கதை பாடிய வில்லிலே காந்தியடிகளின் கதையைப் பாடலாம் என்று அவர் கண்டார். கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி மகான் கதையை வில்லிலே பாடிப் புகழ்பெற்றார். கலைவாணருக்குத் துணையாய் வந்த இளைஞர் சுப்பு ஆறுமுகம். 1928ஆம் ஆண்டு நெல்லையை அடுத்த சத்திரப் புதுக்குளத்திலே பிறந்தவர். 2022ஆம் ஆண்டு மறையும்வரை அவர் வில்லைக் கைவிடவில்லை. இராமாயணமும் பாரதமும் பாடினார். நாட்டு முன்னேற்றமும் பாடினார். வானொலியும் தொலைக்காட்சியும் அவர் குரலைத் தமிழகம் எங்கும் கொண்டுசென்றன. 2021ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒரு வினா எழுகிறது. கோயிற் பாட்டை மேடைக்குக் கொணர்வது வளர்ச்சியா, வழுவா? இவ்வினா நமக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்க நாட்டிலே கறுப்பின மக்கள் தம் தேவாலயங்களிலே கைதட்டிக் கண்ணீர் மல்கப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டிலே ரே சார்லஸ் என்னும் பாடகர், தேவாலயப் பாட்டொன்றின் மெட்டை எடுத்து, அதிலே காதலியைப் பாடினார். ஆண்டவனைப் பாடிய மெட்டிலே அணங்கைப் பாடுவதா என்று பக்தர் சிலர் சினந்தனர். ஆயினும் அவ்வாறு பிறந்த இசையே உலகெங்கும் பரவியது. அதற்கு வழங்கும் பெயர் 'சோல்'. உயிர் என்பது அச்சொல்லின் பொருள்.

அரை நூற்றாண்டு கழிந்தபின் அவ்விசை மீண்டும் தளிர்த்தது. நியூயார்க் நகரத்துப் புரூக்ளினிலே 'டாப்டோன்' என்னும் சிறு நிறுவனம், கணிப்பொறி மலிந்த காலத்திலும் பழைய காந்த ஒலிநாடாவிலே பதிவு செய்தது. அதன் தலைசிறந்த பாடகி ஷரோன் ஜோன்ஸ். தேவாலயத்திலே பாடி வளர்ந்தவர், சிறைக்காவலராகவும் பணிபுரிந்தவர். அவருடைய முதல் இசைத்தொகுப்பு 2002ஆம் ஆண்டில் வந்தபோது அவர் நாற்பத்தைந்து வயதைக் கடந்திருந்தார். அவருக்கு வாசித்த அதே குழுவினர், ஏமி வைன்ஹவுஸ் என்னும் ஆங்கிலப் பாடகியின் 2006ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் வாசித்தனர். பழைய ஒலியின் மேல் புதிய காலத்துப் பெண்ணின் துயரம் அமர்ந்தது, உலகம் செவிசாய்த்தது.

அவர்கள் பழமையை அணிகலனாகப் பூணவில்லை. பழைய இசைக்கு உயிர் தந்த முறையையே கற்றனர். பல கருவியாளர் ஒரே அறையிலே ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி வாசிக்கும் முறை அது. அதனால்தான் அக்கலவை ஒட்டியது.

நம் நாட்டிலும் இத்தகைய கலவை நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. 2021ஆம் ஆண்டு வெளிவந்த 'கர்ணன்' என்னும் தென்பாண்டிச் சீமைத் திரைப்படத்திலே, நாட்டுப்புறப் பாடகி கிடக்குழி மாரியம்மாளின் குரலைச் சந்தோஷ் நாராயணன் புதிய இசையோடு இணைத்தார். மெருகேற்றி மென்மையாக்காமல் அக்குரலை அவ்வாறே நிற்கவிட்டது அதன் சிறப்பு. இறந்தவனை அழைக்கும் ஒப்பாரியின் வலிமை, புதிய முழக்கத்தினுள்ளும் குன்றாமல் நின்றது.

என் கருத்தை இப்போது சொல்லிவிடலாம். வில்லுப்பாட்டிலே ஆர்மோனியம் சேர்ந்தால் கேடு இல்லை. மின்னணுத் தாளம் சேர்ந்தாலும் கேடு இல்லை. மண்குடத்தோடு வில் சேர்ந்ததும் ஒரு நாள் புதுமையாகத்தானே இருந்திருக்கும்! கேடு வேறிடத்தில் உள்ளது. இரவு முழுவதும் பாடிய கதையை அரை மணியாகச் சுருக்கும்போது எதை வெட்டுகிறோம்? முத்துப்பட்டன் காதலை மட்டும் இனிமையாகப் பாடி, அவன் செருப்புத் தைத்ததையும் வெட்டுண்டு வீழ்ந்ததையும் விட்டுவிட்டால், மெட்டு மிஞ்சும், வரலாறு மாயும். வெட்டுண்டவர்களை ஊர் மறவாதிருக்கவே பிறந்த பாட்டு அது. அதையே மறந்தபின் மணியோசை எத்தனை இனிமையாய் இருந்தென்ன?

இதற்கு மாறாக, காந்தியடிகளின் கதையை வில்லிலே கேட்டபோது மக்கள் அதனை ஏன் தம்முடையதாக ஏற்றனர்? கதை புதிது, ஆனால் நியாயத்துக்காக நின்று குண்டடிபட்டு வீழ்ந்த ஒருவரின் கதை. வில்லின் பழைய நெறிக்கு அது முற்றும் பொருந்தியது. கலைவாணர் கருவியை மட்டும் கடன் வாங்கவில்லை. அதன் கடமையையும் ஏற்றுக்கொண்டார்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊர்க் கொடையிலே இன்றும் வில் ஒலிக்கிறது. ஒரு காலத்திலே ஆடவரே மிகுதியாகத் தலைமை தாங்கிய இக்கலையிலே இன்று பெண்கள் பலர் நடுவே அமர்ந்து வீசுகோல் ஏந்துகின்றனர். குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் இளமையிலேயே வில்லேந்திப் புகழ்பெற்றார். 2018ஆம் ஆண்டு மறைந்தார். இத்தகையோர் நெஞ்சிலுள்ள கதைகள் எல்லாம் அச்சேறியவை அல்ல. உங்கள் கையிலே ஒலிப்பதிவுக் கருவி உண்டு. அதற்கு மூன்று நிமிட எல்லையும் இல்லை. ஒரு கதையையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும், குடம் அடித்தவர் பெயரையும், ஊரையும் நாளையும் எழுதி வையுங்கள். அதன்பின் அதிலே எந்தப் புதிய இசையையும் கலந்து பாருங்கள். முழுக் கதையும் அறிந்தவன் கையிலே புதுமை அழகு பெறும். அறியாதவன் கையிலே அது வெறும் ஓசையாய் அடங்கும்.