நாலந்தா கெடிகே: வீதியோரத்துப் பழங்கோயில்

கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைக்கும் சிகிரியாவுக்கும் கல்விச் சுற்றுலா போகும் பஸ்கள் கண்டி, மாத்தளை வழியாகச் சென்று, நாலந்த என்ற சிற்றூரைக் கடந்துதான் போகின்றன. பெரும்பாலும் எதுவும் அங்கே நிற்பதில்லை. பிரதான வீதியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் போனால், போவதென்ன நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், அடி முதல் முடி வரை கல்லாலேயே கட்டப்பட்ட ஒரு சிறு கோயிலைக் காணலாம். அதுதான் நாலந்தா கெடிகே. கி.பி. 8 முதல் 10 வரையான நூற்றாண்டுகளுக்கு உரியது என்று அறிஞர் கணிக்கின்றனர்.

சிங்களத்தில் கெடிகே என்பது வளைவுக்கூரை கொண்ட வழிபாட்டு மனையைக் குறிக்கும். பொலநறுவையின் தூபாராமமும் கெடிகேதான்; ஆனால் அது செங்கல்லால் ஆனது. நாலந்தவில் இருப்பது கல். முன்னே தூண்கள் நிற்கும் மண்டபம், அதன்பின் குறுகிய இடைவழி, உள்ளே ஒன்றுமில்லாத கருவறை, சுற்றிவர வலம்வரும் பாதை. மேலே விமானம், அதன் முகப்பில் குதிரை லாட வடிவிலான கூடுகள். அவற்றுள் தெற்குப் பக்கத்துக் கூட்டில் குபேரன் அமர்ந்திருக்கிறார். மாமல்லபுரத்து இரதங்களைப் படத்திலாவது பார்த்தவர்கள், இதன் முன் வந்து நின்றதும் "இது எங்கேயோ பார்த்த உருவம்" என்பார்கள். எங்களுடன் வந்த மாணவிகளும் அதையேதான் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னது பிழையல்ல. மானவர்மன் என்ற சிங்கள இளவரசன் நாட்டை இழந்து காஞ்சிக்குப் போய், முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனிடம் அடைக்கலம் புகுந்தான். பல்லவப் படையின் துணையோடு திரும்பி வந்து 684இல் அநுராதபுரத்து அரசனானான். அவனுடைய வழித்தோன்றல்கள் நெடுங்காலம் ஆண்டார்கள். அக்காலத்தில் கடலைக் கடந்து வந்தவை வாளும் வேலும் மட்டுமல்ல; கல் வேலையும் வந்தது. நாலந்தவில் அந்தக் கைவேலை பௌத்த வழிபாட்டுக்குப் பயன்பட்டது. அருகிலேயே ஒரு தாதுகோபமும் உண்டு. திராவிடக் கட்டடத்தில் புத்தர் இருந்தாரா என்று கேட்பவர்களுக்கு, ஏன் இருக்கக்கூடாது என்பதே என் பதில். இது யாருடைய கோயில் என்று இரண்டு பக்கத்தாரும் இழுபறிப்படும் நாட்டில், யாரும் அதிகம் இழுக்காமல் விட்ட கட்டடம் இது. அதனாலேயே கூட்டமும் இல்லை.

பாடப்புத்தகத்தில் நாலந்த என்ற பெயர், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு படை வைத்திருந்த இடமாக மட்டும் வந்துபோகும். மலையகத் தமிழருக்கு அந்த ஊர் வேறொரு விதத்திலும் நெருக்கமானது. கோப்பிக் காலத்தில் எமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்த என்று நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். கொலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் அந்த வழியில் விழுந்தவர்கள் ஏராளம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த பெண்கள், தங்கள் ஊர்க் கோயில்களின் சாயல் கொண்ட ஒரு விமானம் கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால் நிற்பதை அறிந்திருக்க நியாயமில்லை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். எமது வரலாறு அந்த 200 ஆண்டுகளுடன்தான் தொடங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். குடியேற்றத்தின் கணக்கு அதுதான், அதில் மாற்றமில்லை. ஆயினும் இரு கரைகளுக்கும் இடையிலான போக்குவரத்து அதற்கும் ஆயிரம் ஆண்டு மூத்தது. அதற்கான சான்று அதே வீதியோரத்தில் இருக்கிறது.

இன்று நாம் காணும் இடம் கோயிலின் பழைய இடம் அல்ல. மகாவலித் திட்டத்தில், 1976இல் பொல்கொல்லையில் ஆறு திருப்பப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தால் உக்குவளைக்கு வந்து, சுது கங்கை, அம்பன் கங்கை வழியே அந்த நீர் போவதென்னவில் தேங்குகிறது. நுவரெலியாப் பக்கத்து நானு ஓயாவும் கொத்மலை ஓயாவில் கலந்து மகாவலியில் சேர்வதால், எமது மலையின் மழைக்கும் இதில் பங்குண்டு. கோயில் நின்ற நிலம் நீரில் மூழ்கவிருந்தது. எனவே தொல்பொருள் திணைக்களத்தார் 1970களில் அதைக் கல் கல்லாகக் கழற்றி, உயர்ந்த அணைகரையில் மீண்டும் அடுக்கினார்கள். 1980 அளவில் வேலை முடிந்தது. எகிப்தில் அபு சிம்பல் கோயிலை 1960களில் அசுவான் அணைக்காக நகர்த்தியது உலகப் புகழ் பெற்றது. நாலந்த வேலைக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. இலங்கையின் நட்டநடு என்று ஊரார் சொன்ன பழைய இடம் இப்போது தண்ணீருக்குள்.

எல்லாவற்றையும் இப்படித் தூக்கி வைக்க முடியவில்லை. கொத்மலையில் அணை எழுந்தபோது கடதொர விகாரை நீருக்குள் போயிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அதன் இடிபாடுகள் வெளியே தெரியும். சனம் திரண்டு போய்ப் பார்க்கும். வயல்களும் தேயிலை மலைகளும் அங்கே மூழ்கின. கல்லைக் கழற்றி அடுக்கலாம். லயத்து வாசலை அப்படி அடுக்க யாரும் முன்வருவதில்லை.

போக விரும்புவோர் மாத்தளையில் தம்புள்ளை பஸ் ஏறி நாலந்தச் சந்தியில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கும் தூரம்தான். சுற்றுலா ஒழுங்குசெய்யும் ஆசிரியைகள் சிகிரியாவுக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தெற்குச் சுவரில் வெயில் விழும் நேரமானால் குபேரனை நன்றாகப் பார்க்கலாம். குடையும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம். கந்தப்பளைக் குளிருக்குப் பழகியவர்களுக்கு அந்த வெக்கை தாங்காது.